பன்னிரண்டாவது வேடம்

கலை நேசர்களுக்கும், நாகரிக உலகுக்கும், நாடகத் தெருவாம் தேஹாங்னோவின் சுரங்க ரயில் வாசலில் மழையில் நின்று நாடகத் துண்டறிக்கை கொடுக்கும் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நம் காலத்தின் மாபெரும் நடிகர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார். கண்டுபிடித்தவர் நாடக விமர்சகர் பியோ சாங்கில் அவர்கள். கண்டுபிடிக்கப்பட்ட இடம், பல் மருத்துவமனைக்குக் கீழே உள்ள நிலவறை அரங்கம். கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தில் நடிகர் மேடையில் இல்லை.

கடைசி வாக்கியம் மட்டும் என்னுடையது. மற்றதெல்லாம் அரங்கத்தின் கூ முதலாளி எழுதிக் கொடுத்து, ஒன்றரை ஆள் உயரத் தட்டியாக என் அச்சுக்கடையில் நானே அடித்தது. மூன்று வாரம் அது அரங்க வாசலில் நின்றது, முதல் இரண்டு நாள் மழையில். மை ஓடவில்லை. நல்ல மை.

நாடகத்தின் பெயர் 'நனைந்த குடை'. எங்கள் தெருவில் ஓடும் பாட்டு நாடகங்களுக்கு மூன்று பேர் போதும்: ஒரு காதலன், ஒரு காதலி, மீதி உலகம். அந்த மீதி உலகத்தை ஒரே ஆள் நடிப்பான். அவனுக்கு மல்ட்டிமேன் என்று பெயர். 'நனைந்த குடை'யின் மல்ட்டிமேன் நாம்குங் பில்சு. டாக்சிக்காரன், புத்த பிக்கு, கல்யாணத் தரகி, போலீஸ், காதலனின் செத்துப்போன அப்பா, வீட்டுக்காரி, வீட்டுக்காரியின் நாய் உட்பட மொத்தம் பதினொரு வேடம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல், தனி நடை, தனிப் பாட்டு. மேடைக்குப் பின்னால் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஒரு திரைக்குள் நின்று, ஒரு சட்டையைக் கழற்றும்போதே அடுத்த விக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவருவார். காதலர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். தொலைக்காட்சித் தொடரில் இடம் கிடைத்தால் அதற்கு முன்பே. பில்சு மாறவில்லை. உலகம் சுலபத்தில் மாறுமா?

பில்சுவின் வீடு என்பது அவர் மனைவி யோங்நானின் சூப் கடைக்கு மேலே இரண்டு அறை. கடைக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். விடிவதற்கு முன்பே அவள் பன்றிக் குடல் கழுவும் சத்தம் என் பக்கம் கேட்டுவிடும். கல் உப்பும் கோதுமை மாவும் போட்டுப் பிசைவாள், குழாயில் மாட்டி உள்வெளியாகத் திருப்புவாள், மறுபடி பிசைவாள். நாற்றம் போய் நீர் தெளியும்வரை விடமாட்டாள். பிறகு ரத்தமும் அரிசியும் கண்ணாடிச் சேமியாவும் வெங்காயத்தாளும் கலந்து அடைத்து, நூலால் முடிந்து, எலும்புக் கொப்பரையில் இறக்குவாள். எலும்பு முந்தின நாளிலிருந்தே கொதித்து வெளுத்திருக்கும். பகல் சாப்பாட்டுக் கூட்டம் வடிந்ததும், தகரப் பெட்டியில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பாள். மகள் சேப்யோக் தெற்கே ஜொன்ஜுவில் நர்ஸ் படிப்பு. ஆக, கடையில் இரண்டு கை. இரண்டும் யோங்நானுடையவை.

அந்த வெள்ளிக்கிழமை காலை மழை சாக்கடையை ரோட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தது. கூ முதலாளி செய்தித்தாளைச் சட்டைக்குள் செருகி நனையாமல் கொண்டுவந்தார். அவர் முழுக்க நனைந்திருந்தார்.

"தங்கச்சி! ஆறு சூப் போடு! கடையில இருக்கற அத்தனை பேருக்கும்!"

"கடையில இருக்கறதே மூணு பேரு" என்றாள் யோங்நான், குடலை வெட்டிக்கொண்டே.

"அப்ப மூணு போடு."

மூன்று பேர் என்பது பில்சு, நான், காதலியாக நடிக்கும் தாசோம் என்ற பெண். பில்சு முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருந்தார். கூ முதலாளி நாற்காலி மேல் ஏறவில்லை, ஏறியது போலக் குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பியோ ஐயா எழுதியிருக்காரு. பியோ ஐயா! நம்ம கலைவிழாக்கள்ல தூங்கறதுக்கே அவருக்கு முன்வரிசை குடுப்பாங்க. அவரு புதன்கிழமை மதியக் காட்சிக்குச் சத்தமில்லாம டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்காரு. கேளுங்க. 'பதினொரு உடல்கள், ஒரே மூச்சு. நாம்குங் பில்சு நடிப்பதில்லை, இடம்பெயர்கிறார்.'"

"எங்க?" என்றாள் யோங்நான்.

"கலைம்மா, கலை. 'டாக்சிக்காரர் பாடும்போது தொண்டையில் டீசல் மணக்கிறது. பிக்குவின் மௌனத்தில் ஒரு மலை உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரியின் நாய்...' யோவ் பில்சு, நாயையும் விடலய்யா மனுஷன்! 'நாயின் ஊளையில் நான் என் இளமையைக் கேட்டேன்.'"

பில்சுவின் காது சிவந்தது. நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதனின் காது அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் அவரைப் பற்றி அச்சில் வந்ததெல்லாம் நான் அடித்த துண்டறிக்கைதான். அதிலும் கீழே, சின்ன எழுத்தில், 'மற்றும்' என்ற சொல்லுக்குப் பிறகு.

"மேல படிங்க அண்ணே" என்றார்.

"'ஆனால் இவையெல்லாம் படிக்கட்டுகள். சிகரம், அந்தச் சூப்புக் கிழவி.'"

முள்ளங்கி கடிபடும் சத்தம் நின்றது. "எந்தக் கிழவி?"

"உன் கிழவிதான்யா. 'மழையில் ஊறிப்போய், தகரப் பெட்டியோடு, வழி தவறியவளைப் போல அவள் மேடைக்குள் வருகிறாள். அறுபது வயது இருக்கும். வீங்கிய கணுக்கால்கள். கழுத்து வரை ஏறிய களைப்பு. அவள் குரலில் நயம் இல்லை, அழகு இல்லை, பயிற்சி இல்லை. இத்தனை இல்லைகளையும் அடைய ஒரு கலைஞன் எத்தனை ஆண்டு பயின்றிருப்பான்! எந்த நிஜப் பெண்ணாலும் இவ்வளவு நிஜமாக இருக்க முடியாது.'"

வெட்டுக்கத்தியின் சத்தமும் நின்றது.

"எனக்கு அப்படி ஒரு வேஷமே இல்லையே அண்ணே" என்றார் பில்சு.

தாசோம் கிண்ணத்துக்குள் தலையை விட்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் விட்டால் மூழ்கியிருப்பாள்.

"தாசோம்" என்றார் பில்சு. "புதன்கிழமை மேடையில சூப் இருந்துச்சே. நீங்க ரெண்டு பேரும் விளையாட்டுக்கு வச்சீங்கன்னு நெனச்சேன்."

"நாங்க வைக்கல அண்ணே." அவள் தலை நிமிரவில்லை. "சித்தி வந்தாங்க. சித்திதான் வச்சாங்க. அன்னைக்கே சொல்லலாம்னு... சித்தி வந்து போனாங்கன்னு சொன்னேன்ல?"

"மேடைக்கு வந்தான்னு சொல்லலையே."

நடந்தது இதுதான். புதன்கிழமை மதியம் தகரப் பெட்டியோடு கிளம்பிய யோங்நான், அரங்கத்தின் முன்வாசலில் மழைநீர் கட்டி நின்றதால், பின்படி வழியாகக் கொதிகலன் பக்கம் இறங்கியிருக்கிறாள். அங்கே ஒரே மாதிரி இரண்டு கறுப்புக் கதவுகள். ஒன்று ஒப்பனை மூலைக்கு. மற்றொன்றைத் திறந்தால் மேடை. அந்தக் கதவு வழியாக யார் வந்தாலும் அது மல்ட்டிமேன்தான் என்பது எங்கள் தெருவில் நாடகம் பார்க்கும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பியோ அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பில்சு அப்போது திரைக்குள் செத்துப்போன அப்பாவாக மாறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் லாரி போல இரைந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேடைக்கு வந்து, பெஞ்சில் ஆவி பறக்கும் சூப்பைப் பார்த்து, செத்துப்போன அப்பாவாகவே அதைக் குடித்துமுடித்தார். சபை சிரித்து உருண்டது. ('மரணத்துக்கும் பசி எடுக்கும் என்று காட்டிய கணம்' என்று பியோ அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்.)

"அவ மேடையில வந்து என்ன பண்ணினா?" என்றார் பில்சு. மனைவி ஆறடி தூரத்தில் நிற்கிறாள், கேட்பது தாசோமிடம்.

"எழுதியிருக்காருய்யா, வரிக்கு வரி எழுதியிருக்காரு" என்று கூ முதலாளி உற்சாகமாகத் தொடர்ந்தார். அவருக்கு இன்னும் எதுவும் உறைக்கவில்லை. "'காதலி கேட்கிறாள்: யாரைத் தேடுறீங்க? கிழவி சொல்கிறாள்: யாருன்னு சொல்ல? அவரு பதினொரு பேரா இருப்பாரு. வீட்டுக்கு மட்டும் ஒரு ஆளும் வர்றதில்ல.' என்னா வசனம்! உடம்பு சிலிர்க்குதுல்ல? 'அவருகிட்ட சொல்லிருங்க. எனக்கு முடியல. இந்த மழை ஓயறதுக்குள்ள அந்தப் பதினொரு பேருல ஒருத்தராவது வீட்டுக்கு வரணும். வரலன்னா கடையப் பூட்டிட்டு எங்கக்கா ஊரு குன்சானுக்குப் போயிருவேன். இந்தாங்க, சூடு ஆறுறதுக்குள்ள குடிக்கச் சொல்லுங்க.' அப்புறம்..."

அப்புறம் கூ முதலாளிக்கும் உறைத்தது.

பில்சு எழுந்து போய்ச் செய்தித்தாளை வாங்கினார். உதட்டை அசைத்து அசைத்து, எழுத்துக் கூட்டும் பிள்ளை மாதிரி படித்தார்.

"சேப்யோக் அம்மா" என்றார் கடைசியில். "நீயா இது?"

"நானா? எனக்கு நாப்பத்தாறு. அது அறுபது வயசுக் கிழவியில்ல?"

"இத ஏன் வீட்டுல சொல்லல?"

"வீட்டுல சொல்றதுக்கு வீட்டுல ஆளு வேணும்." அவள் மறுபடி வெட்டத் தொடங்கினாள். "மதியம் ஒரு காட்சி, சாயங்காலம் ஒரு காட்சி, அது முடிஞ்சா மக்கொல்லிக் கள்ளு, வந்தா தூக்கம், நான் எந்திரிச்சுக் குடல் கழுவும்போது குறட்டை. எப்பச் சொல்ல? அன்னைக்கு வாசல்ல இறங்கும்போது முழங்கால் மடங்கிருச்சு. சாலையில உக்காந்துட்டேன், பெட்டியோட. ஒரு பையன் தூக்கி விட்டான். சரி, இன்னைக்குச் சொல்லிரணும்னு வந்தேன். ஒரே வெளிச்சம், ஒண்ணும் தெரியல. இந்தப் புள்ள இருந்தா. இவகிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

"ஜனங்க கை தட்டினாங்களே சித்தி" என்றாள் தாசோம் அழுகையோடு. "அதுகூடக் கேக்கலையா?"

"மழைன்னு நெனச்சேன்."

பில்சு பெஞ்சில் உட்கார்ந்தார். "அன்னைக்கு ராத்திரி வந்து உங்கிட்டப் பேசினேனே. நீ ஒண்ணும் கேக்கலையே."

"பேசினீங்க. 'சூப்புல உப்பு கொஞ்சம் கம்மி'ன்னு சொன்னீங்க. இந்தப் புள்ள சொல்லியிருக்கும், இதுதான் பதிலு போலன்னு எடுத்துக்கிட்டேன்."

நான் உப்பு இறால் கிண்ணத்தைப் பார்த்தேன். பொடி இறால்கள் கறுப்புக் கண்ணோடு என்னைப் பார்த்தன.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் எழுந்து வெளியே போயிருப்பார். கூ முதலாளி நாடகத் தயாரிப்பாளர். தொண்டையைச் செருமினார்.

"பில்சு, இப்பச் சொல்றது சரியில்லதான். ஆனா சொல்லாம இருக்கறதும் சரியில்ல. காலைல ஆத்தங்கரைப் பெரிய அரங்கத்துலேருந்து போன் வந்துச்சு. அந்த இயக்குநரம்மா கட்டுரையப் படிச்சிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மதியம் வர்றாங்க, பியோ ஐயாவக் கூட்டிக்கிட்டு. அடுத்த வருஷ நாடகத்துக்கு முக்கிய வேஷத்துக்கு ஆளு தேடுறாங்களாம். அந்தக் கிழவியப் பாக்கணும்கறாங்க."

"உண்மையச் சொல்லிருங்க அண்ணே. தப்பா எழுதிட்டாரு, அது என் பொண்டாட்டின்னு."

"பியோ ஐயாகிட்டயா? 'ஐயா, சூப் கொண்டாந்த பொம்பளையப் பாத்துக் கலையின் சிகரம்னு எழுதிட்டீங்க'ன்னு நான் போய்ச் சொல்லணும்? அப்புறம் இந்தத் தெருவுல நாடகம் போட முடியுமா, நாய் வளக்கத்தான் முடியும்." யோங்நான் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஒரே ஒரு தடவ நீயே..."

"ஞாயித்துக்கிழமை எனக்குக் குடல் வருது" என்றாள்.

அன்று மாலை பில்சு அடுப்பங்கரையில் அவளிடம் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. சுவர் அப்படி.

"அந்தப் பெரிய அரங்கம் கெடச்சா ஒரே வேஷம், சேப்யோக் அம்மா. ஒரு ராத்திரிக்கு ஒரு காட்சி. பகல் பூரா வீட்டுல இருப்பேன். குடல் நான் கழுவுறேன். சத்தியமா. இதுக்குத்தான இத்தன வருஷம் நாயா ஊளையிட்டேன்."

"நான் போகாதீங்கன்னு சொல்லல."

"நீயும் குன்சான் போகாத."

"மழை இன்னும் ஓயல" என்றாள் யோங்நான். "ஓயட்டும், பாக்கலாம்."

அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நானும்தான்.

வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு வரை அவர் பயிற்சி செய்ததை யாரும் பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தது வேறு: கடையில் உட்கார்ந்து அவளை உற்றுப் பார்ப்பார், பின்னாலேயே நடந்து பார்ப்பார், 'இன்னொரு தரம் சொல்லு' என்பார் என்று. ஒன்றும் இல்லை. வேலை செய்யும் அவளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்த பழைய மேலங்கியையும், ஒரு ஜோடி ரப்பர் செருப்பையும் மட்டும் கேட்டு வாங்கிப்போனார். கூ முதலாளி என்னிடம் வந்து புலம்பினார்: "பில்சுவுக்குப் பயம் வந்திருச்சு போல. ஒத்திகையே பாக்க மாட்டேங்கறான். தெரியும் தெரியும்கறான். என்னத்தத் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை மழை தூறலாக இளைத்திருந்தது. தெருமுனைப் பழக்கடைக்காரர் கித்தானை மடிக்கலாமா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் கூட்டம் போனதும் யோங்நான் கையைக் கழுவிவிட்டு என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்களுக்கு ஓசி டிக்கெட் ரெண்டு வருமில்ல? ஒண்ணு குடுங்க. கெழவிய நானும் பாக்கறேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் நடித்துப் பார்த்திருக்கிறாளாம், அதில் அவர் மரம். அதற்குப் பிறகு கடை வந்துவிட்டது. முன்வரிசையில் பியோ சாங்கில் உட்கார்ந்திருந்தார்: வெள்ளைத் தலைமுடி, கழுத்துத் துணி, யாராவது படம் எடுக்கிறார்களா என்று தெரியாதது போன்ற ஒரு முகச்சாய்வு. பக்கத்தில் பெரிய அரங்கத்து இயக்குநரம்மா.

டாக்சிக்காரருக்கு யோங்நான் சிரித்தாள். நாய்க்கு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இதையா தெனமும் செய்யறாரு?" என்று என்னிடம் கேட்டாள். குரலில் பெருமை இருந்தது. சத்தியமாக இருந்தது.

பிறகு கறுப்புக் கதவு திறந்தது.

விக் இல்லை. மை இல்லை. நெற்றி ஏறிய ஓர் ஆம்பிளை. மேலங்கி, ரப்பர் செருப்பு, தகரப் பெட்டி. முதலில் வலது கால் உள்ளே வந்தது. பிறகு இடது முழங்காலிடம் 'வர்றியா?' என்று கேட்பது போல ஒரு சின்ன நிறுத்தம். பிறகு இடது கால். அவ்வளவுதான். ஆம்பிளை போய்விட்டார்.

மேடையில் இருந்தவளும் என் பக்கத்தில் இருந்தவளும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

பெட்டியை இறக்குமுன் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு முதுகின் கீழ்ப்பக்கத்தைக் கைமுட்டியால் ஒரு குத்து. கொதிக்கும் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, சுட்டுக்கொண்ட விரலை வாயில் வைக்காமல் காது மடலில் வைத்துக்கொள்வது. சூப்பைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி, உப்புப் பார்த்து, தலையாட்டுவது. அவள் கடையில் நான் எத்தனையோ வருடம் சாப்பிட்டிருக்கிறேன். இவையெல்லாம் அவள் செய்வாள் என்பது மேடையில் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வசனத்துக்கு முன்னால் அவர் ஒன்று செய்தார். மேடையில் அமைத்திருந்த பேருந்து நிறுத்தத்தின் இரும்புக் கம்பத்தில் நெற்றியை வைத்து, கண்ணை மூடி, அந்தக் குளிர்ச்சியில் சும்மா நின்றார். அழவில்லை. மூச்சு மட்டும் போய் வந்தது. பிறகு நிமிர்ந்து, உள்ளங்கையால் முகத்தை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தார். இழுத்து முடிந்தபோது அங்கே கடைக்காரியின் முகம் இருந்தது. வாங்க, உக்காருங்க, என்ன வேணும்.

யோங்நான் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அண்ணே. அது... அது நான் குளிர்ப்பெட்டிக் கதவுல செய்யறது."

"ம்?"

"கடையச் சாத்திட்டு, விளக்க அணைச்சிட்டு. அவரு மேல தூங்கிட்டிருப்பாரு."

மேடையில் அவர் குரல், அவள் குரல், சொன்னது: "அவரு பதினொரு பேரா இருப்பாரு. வீட்டுக்கு மட்டும் ஒரு ஆளும் வர்றதில்ல." அரங்கம் முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம். கூ முதலாளி தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். பியோ சாங்கில் எழுந்து நின்றார். நாடகம் முடிய இன்னும் ஒரு பாட்டும் ஒரு கல்யாணமும் இருந்தன. யோங்நான் மட்டும் அழவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. திருடு போன வீட்டுக்குள் முதலில் நுழைபவர்களின் முகத்தில் அதைப் பார்க்கலாம்.

வெளியே வந்து படியேறி நின்றோம். தூறல் நின்றுவிட்டிருந்தது. சாக்கடை மட்டும் ஓடியது.

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"பெரிய நடிகர்மா அவரு. அதான் அப்படிக் கவனிச்சு..."

"முழங்கால் தெரிஞ்சிருக்கு. முதுகு தெரிஞ்சிருக்கு. குளிர்ப்பெட்டி தெரிஞ்சிருக்கு. படியில நின்னு பாத்திருக்காரு. எத்தன தடவ நின்னாரோ. பாத்துட்டு மேல போய்ப் படுத்திருக்காரு."

"பாசம் இருக்கப்போயித்தான பாக்கறாரு" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாமல்.

"இத்தன நாளு நான் என்ன நெனச்சிட்டிருந்தேன்னா, ஆம்பிளைக்குத் தெரியாது, கண்ணு கலையில இருக்கு, வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியல, பாவம். தெரிஞ்சா வந்திருவாரு. அதனாலதான சொல்லணும்னு ஓடினேன்." அவள் தன் கணுக்காலைப் பார்த்தாள். "தெரியாத மனுஷன்னா சொல்லிப் புரிய வைக்கலாம் அண்ணே. எல்லாம் தெரிஞ்ச மனுஷன்கிட்ட என்னத்தப் போய்ச் சொல்றது?"

நான் துண்டறிக்கைக்கு வாக்கியம் எழுதுகிறவன். மழையில்லாத தெருவில் குடையை விரித்தேன்.

சபை வெளியே வந்தது. பியோ சாங்கில் இயக்குநரம்மாவோடு படியேறி வந்தார். கைகளால் காற்றில் எதையோ பிசைந்துகொண்டிருந்தார். யோங்நான் வழியில் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார் மரியாதையாகத்தான். இரண்டு படி தாண்டியவர் நின்று, திரும்பி, அவளை மேலும் கீழும் பார்த்தார். மேலங்கி, ரப்பர் செருப்பு, கணுக்கால். மனிதர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பாருங்க" என்றார் இயக்குநரம்மாவிடம், குரலைத் தாழ்த்தாமல். "நிஜத்துல இவங்க எவ்வளவு சாதாரணமா இருக்காங்க. இதுலேருந்து அத எடுத்திருக்கான் பாருங்க, அதுதான் கலை."

இயக்குநரம்மா தலையாட்டினார். இருவரும் காபி குடிக்கப் போனார்கள்.

அடுத்ததாகப் பில்சு ஓடிவந்தார், வேடம் கலைக்காமல். முகம் பூராவும் விளக்குப் போட்டது போல இருந்தது. "வேஷம் எனக்குத்தான்! அந்தம்மா கையப் புடிச்சுச் சொல்லிட்டாங்க!" என்றவர் யோங்நானைப் பார்த்ததும் நின்றார். "நீ பாத்தியா? உள்ள இருந்தியா? எப்படி இருந்துச்சு?"

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"ஒரு தப்பும் இல்ல" என்றாள். "உப்பு சரியா இருந்துச்சு."

அவர் சிரித்தார். அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பாராட்டுதானே?

"அத கழட்டிக் குடுங்க" என்றாள். "என்னோடது."

அவர் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தார். செருப்பையும் கேட்டாள். பதினொரு வேடத்தின் சொந்தக்காரர் ஈரப் படியில் வெறுங்காலோடு நின்று, பின்னாலிருந்து யாரோ கூப்பிட்ட குரலுக்கு, படம் எடுத்துக்கொள்ள, மறுபடி உள்ளே ஓடினார்.

மறுநாள் வெயில் அடித்தது. விடிவதற்கு முன் என் சுவரில் சத்தம் இல்லை என்பதே வெகுநேரம் எனக்குத் தோன்றவில்லை. குடல் கொண்டுவந்தவன் ஷட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என் கடையில் இறக்கி வைக்கலாமா என்று கேட்டான். பில்சு உள்சட்டையோடு மாடிப்படியில் இறங்கிவந்து, ஷட்டரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. "மழை ஓஞ்சிருச்சா?" என்று என்னிடம் கேட்டார். குளித்துவிட்டு மதியக் காட்சிக்குப் போகவேண்டியிருந்ததால் குன்சான் பேருந்தை அவரால் பிடிக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்கவே முடியவில்லை.

மறு வருடம் பெரிய அரங்கத்தில் அவர் ஒரே வேடத்தில் நடித்தார். நாலு பிள்ளைகளையும் மனைவியையும் போர்க்காலத்தில் கட்டிக்காக்கும் தகப்பன். பதினேழு பாட்டு. பியோ சாங்கில் எழுதினார்: 'குடும்பத் தலைவனாக நாம்குங் பில்சு முற்றிலும் நம்பும்படி இருக்கிறார்.' அதையும் நான்தான் தட்டியாக அடித்தேன், இந்த முறை மூன்று ஆள் உயரம். அடிக்கும்போது பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு சத்தமும் இல்லாதது வேலைக்கு வசதியாக இருந்தது.

அந்தக் கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள்.